நரை வைத்த படம்

செத்தவர்களுக்கு மாலை வரைவதில் என்னை மிஞ்ச ரொறன்ரோவில் ஆள் கிடையாது. தொண்ணூற்றாறாம் ஆண்டு செப்ரெம்பர் வரைக்கும் இதை நான் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன்.

சென் ஜேம்ஸ் ரவுணில், பார்லிமென்ற் வீதிப் பக்கமாக, கிறிஸ்துநாயகம் அண்ணையின் ஸ்ரூடியோவில் எனக்கு வேலை. அண்ணை கலியாண வீடு, சாமத்திய வீடு என்று கமராவைத் தூக்கிக்கொண்டு ஸ்காபரோ முழுக்க ஓடுவார். கடையில் இருப்பது சந்திரவதனாவாகிய நான். பாஸ்போர்ட் படமும் இமிகிறேசன் படமும் எல்லாரும்தான் எடுக்கிறார்கள். எங்கள் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒட்டுப்படம். அப்பா யாழ்ப்பாணத்தில் இருப்பார், மகன் சுவிசில் இருப்பான், மகள் இங்கே வெலெஸ்லி வீதியில் பன்னிரண்டாம் மாடியில் இருப்பாள். மூன்று பேருடைய படத்தையும் கொண்டுவந்து மேசையில் வைத்து, "பிள்ளை, எல்லாரையும் ஒரு சோபாவில இருத்திவிடு" என்பார்கள். பிளேட்டால் விளிம்பு வெட்டி, பசை பூசி ஒட்டி, தூரிகையால் நிழல் கொடுத்து, அதைத் திரும்பவும் படம் பிடித்தால் குடும்பம் ஒன்றாக இருக்கும். நல்ல உடுப்பில் படம் இல்லாத ஆண்களுக்கென்று ஓர் உடம்பு வைத்திருந்தோம். அண்ணையே கோட் சூட் போட்டு நின்று எடுத்து, கழுத்துக்கு மேலே வெட்டிய படம் அது. அந்தக் காலத்தில் ரொறன்ரோ வீடுகளில் சுவரில் நின்ற அண்ணன், தம்பி, மாப்பிள்ளை பாதிப் பேருக்குக் கிறிஸ்துநாயகம் அண்ணையின் தொந்தி வண்டிதான்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. உயிரோடு இருப்பவர் படத்தில் நிற்பார். செத்தவர் மேல் மூலையில், முட்டை வட்டத்துக்குள், மல்லிகை மாலையோடும் விளக்குச் சுடரோடும் வருவார். "ஆள் இருக்கிறாரோ?" என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. அப்படிக் கேட்க வாய் வராது. படத்தின் பழசையும் கொண்டுவந்தவரின் முகத்தையும் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு.

எவுலாலியா மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்தபோதும் அந்த மிதப்போடுதான் இருந்தேன். ஆளை லிஃப்ற்றில் கண்டிருக்கிறேன். நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் குவாத்தமாலா மலைப்பக்கத்து மாயா ஆட்கள் ஏழெட்டுக் குடும்பம் இருந்தார்கள். கட்டையான ஆட்கள், அதிகம் பேச்சில்லை. மற்றவர்கள் அவர்களை ஸ்பானிஷ்காரர் என்பார்கள். எவுலாலியாவுக்கு ஸ்பானிஷ் என் சிங்களம் மாதிரி. பொலிஸ்காரனுக்குப் பதில் சொல்லும் அளவுக்குத்தான் வரும். அவர்களுக்கென்று ஒரு மொழி இருந்தது. மகள் மத்தலுக்குப் பதினாலு வயது. தாய் தன் மொழியில் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் சொல்வாள். என் ஆங்கிலமும் அப்போது நொண்டிதான். அதனால் அவர்கள் சொன்னதை எனக்கு விளங்கிய தமிழிலேயே எழுதுகிறேன்.

ரசீதுத் துண்டில் பெயர் எழுதும்போதே எனக்கு அவர்களைப் பிடித்துப் போயிற்று. தாய் எவுலாலியா ஹுவான். மகள் மத்தல் பஸ்குவால். தகப்பன் பஸ்குவால் தியேகோ. ஒரு வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று கடைசிப் பெயர். "வெல்ஃபெயர் ஒஃபிசில எங்களை ஒரு குடும்பம் எண்டு நம்பமாட்டினம்" என்றாள் மத்தல். நான் கேள்வியே கேட்காமல் எழுதினேன். தகப்பன் பெயரைப் பின்னால் போடுவதை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எவுலாலியா பையைத் திறந்து பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்து ஒரு படத்தை எடுத்தாள். பெருவிரல் அளவு அடையாள அட்டைப் படம், தோளில் அரசாங்க முத்திரை. அதில் இருந்த தகப்பனுக்கு இருபத்துநாலு வயது மதிக்கலாம். குடும்பப் படம் வேண்டும், மூன்று பேரும் வர வேண்டும் என்றாள்.

அவள் போட்டிருந்தது வேலைத்தளத்து நீல மேலங்கி. மருத்துவமனைத் துணி வெளுக்கும் இடத்தில் வேலை, நெஞ்சில் பெயர் குத்தியிருந்தது. சப்பாத்து மட்டும் புதிதாக மினுக்கியிருந்தாள். அவர்களுடைய பெண்கள் நெய்து போடும் சிவப்புச் சட்டை என்ன அழகு என்று எனக்குத் தெரியும், லோண்டரி அறையில் ஒருநாள் கண்டிருக்கிறேன். "உங்கட ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாங்கோவன், படம் எடுப்பாய் இருக்கும்" என்றேன்.

எவுலாலியா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "அந்தச் சட்டையைப் பாத்தா எந்த ஊர் எண்டு ஆமிக்குத் தெரியும். நெசவு ஊருக்கு ஊர் வேறை. அதைக் கழட்டி எறிஞ்சுபோட்டுத்தான் மெக்சிக்கோவுக்கு நடந்தனான். இப்ப நான் இந்த உடுப்பில இருக்கிறன். என்னை இதிலதான் அவருக்குத் தெரியவேணும்."

கொழும்பில் ஆமி மறிக்கும் சென்றிப் பொயின்ற் வருமுன், தமிழ் என்று தெரியாதபடி பொட்டை அழித்த நெற்றி எனக்கும் உண்டு. விளக்கைப் போட்டேன். ஆனால் அவள் சொன்னதன் கடைசிப் பகுதி என் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை.

தாயும் மகளும் நின்றார்கள். இடையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். "கிட்ட வாங்கோ" என்றேன். வந்தார்கள், எடுத்தேன். உடனே பழையபடி விலகி நின்றார்கள். விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, மனம் நோகக் கூடாதென்று அதையும் ஒன்று எடுத்துவைத்தேன்.

பிறகு என் கைவண்ணத்தைக் காட்டினேன். நெருங்கி நின்ற படத்தைப் பெரிதாக்கி, மேல் மூலையில் பஸ்குவாலை முட்டை வட்டத்துக்குள் வைத்து, இதழ் இதழாக மல்லிகை மாலை போட்டேன். கீழே ஒரு சுடர். வேற்று நாட்டு ஆட்கள், நம்முடைய மரியாதையைப் பார்க்கட்டும் என்று வழக்கத்தைவிட ஒரு சுற்றுக் கூடவே போட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். எவுலாலியா படத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். பூவைத் தொட்டு ஏதோ கேட்டாள்.

"இந்தப் பூ என்னத்துக்கு எண்டு கேக்கிறா" என்றாள் மத்தல்.

"எங்கட ஆக்கள் செத்தவைக்கு மரியாதையாப் போடுறது."

மத்தல் தாய்க்கு அதை மாற்றிச் சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவுலாலியா மகளின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், விளங்கிக்கொண்டாள்.

"ஆர் சொன்னது?" என்றாள்.

மத்தல் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கமுன் தாய் தொடர்ந்தாள்.

"செத்தவர் எண்டு உனக்கு ஆர் சொன்னது? சந்தைக்குப் போற வழியில ஆமிக்காரங்கள் அவரை லொறியில இருந்து இறக்கினவங்கள். கையைக் கட்டிக் கொண்டுபோனவங்கள். கண்டது நான். இவள் அப்ப வயித்தில. கொண்டுபோனவன் வந்து எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. பிரேதம் தரேல்லை. பதினாலு வருசமா எனக்கு ஒருத்தனும் சொல்லாததை நீ எப்பிடிச் சொல்லுவாய்?"

மேசையில் என் பிளேட் கிடந்தது. அவள் அதை எடுத்தாள். ஒரு கணம் எனக்குப் பயமாகக்கூட இருந்தது. படத்தை மேசையில் போட்டு, ஒரு கையால் அமத்திப் பிடித்து, மாலையைச் சுரண்டத் தொடங்கினாள். இதழ் இதழாகச் சுரண்டினாள். கடதாசி வெள்ளை வெள்ளையாகக் கிளம்பியது. சுடரையும் விடவில்லை. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது, இரண்டு நாள் வேலை அது. "என்ர படம்!" என்று கத்தினேன். அவள் நிமிரவில்லை. முகத்தில் ஒரு கீறல் படாமல் எல்லாவற்றையும் சுரண்டி முடித்துவிட்டு, பிளேட்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

கோபம் போன பிறகு வெட்கம் வந்தது. எங்கள் ஆட்களிலும் ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்டுத் திரும்பி வராத எத்தனை பிள்ளைகளுக்கு நான் மாலை போட்டிருக்கிறேன்? கொண்டுவந்த தாய்மாரில் ஒருத்தரையாவது கேட்டேனா? ஒரு தாய் படத்தை வாங்கிக்கொண்டு, மாலையைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் அதைத் திருப்தி என்று நினைத்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்து அழுதேன்.

அடுத்த கிழமை நானே பதினாறாம் மாடிக்கு ஏறிப் போய் அவர்களைக் கூட்டிவந்தேன். இடைவெளி விட்டு நின்ற நெகரிவ் இருந்தது. அந்த இடைவெளிக்கு ஒரு உடம்பு வேண்டும். அண்ணையின் கோட் சூட்டைக் காட்டினேன். எவுலாலியா முதல்தரம் சிரித்ததைக் கண்டது அப்போதுதான். "என்ர மனிசன் இவ்வளவு சாப்பிடமாட்டார்" என்றாள்.

என் மனிசன் ஸ்ரீதரன் மெலிந்த ஆள். வேலையால் வந்து சாரத்தோடு கிடந்தவரை இழுத்துவந்து ஒரு வெள்ளைச் சேட்டைப் போட்டு நிற்கவைத்தேன்.

"ஆற்றையோ பெஞ்சாதிக்குப் பக்கத்தில என்னைக் கொண்டந்து நிப்பாட்டுறாய், உனக்கு விசரே?" என்றார்.

"உங்கட தலையை வெட்டிப்போடுவன், பயப்பிடாதையுங்கோ."

எவுலாலியா அவரைச் சுற்றிவந்து பார்த்தாள். தன் நெற்றிக்கு நேரே கையை வைத்து, அவருடைய தோள் அவ்வளவுக்கு இறங்க வேண்டும் என்றாள். மனிசன் முழங்காலை மடித்து நின்றார். இன்னும் கொஞ்சம் என்றாள். இடது தோள் மற்றதைவிடப் பதிவு, கொஞ்சம் இறங்கினது, விறகு சுமந்த தோள் என்றாள். பதினாலு வருசத்துக்கு முந்தின ஆளை அவள் அங்குலக் கணக்கில் வைத்திருந்தாள். ஸ்ரீதரன் பிறகு ஒரு பகிடியும் விடவில்லை. சொன்னபடி தோளை இறக்கிக்கொண்டு கால் நடுங்கும்வரைக்கும் நின்றார்.

உடம்பு சரி. தலையை வைத்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. முப்பத்தெட்டு வயது மனைவிக்கும் வளர்ந்த மகளுக்கும் நடுவில் இருபத்துநாலு வயதுப் பையன். மகளுக்கு அண்ணன் மாதிரி இருந்தார்.

"அவருக்கு வயது போடு" என்றாள் எவுலாலியா.

"என்ன?"

"எனக்குக் கழிஞ்ச வருசம் அவருக்கும் கழிஞ்சதுதானே. பதினாலு வருசம் போடு. என்ர தலையில எவ்வளவு நரையோ, அவ்வளவு வை."

என் வேலைக்காலத்தில் எத்தனையோ பேரின் நரையை மறைத்திருக்கிறேன், சுருக்கத்தை நீவியிருக்கிறேன். நரை வைக்கச் சொன்னவள் இவள் ஒருத்திதான். மூன்று நாள் அவள் வேலை முடிந்து வந்து பக்கத்தில் இருக்க, நான் தூரிகையால் அந்தப் பையனை மெல்ல மெல்ல முப்பத்தெட்டுக்குக் கொண்டுவந்தேன். கன்னத்தை ஒட்டவைத்தேன். கண்ணுக்குக் கீழே ஒரு கோடு. "அவற்ற தகப்பனுக்கு முன்வழுக்கை" என்றாள், நெற்றியைக் கொஞ்சம் ஏற்றினேன். இடது புருவத்துத் தழும்பை மட்டும் தொடவேண்டாம் என்றாள். முடிந்தபோது மத்தல் கிட்ட வந்து வெகுநேரம் பார்த்தாள். அவள் தகப்பனைத் தகப்பன் வயதில் கண்டது அன்றைக்குத்தான்.

ஒரு பிரதியை ஜன்னலில் வைத்தேன். அதைப் பார்த்துத்தான் ஹெலன் கடைக்குள் வந்தார். நகர நடுவில் ஒரு கலைக்கூடத்தில் படக் காட்சிகளுக்குப் பொறுப்பானவர், வெள்ளைக்காரி, ஐம்பது வயதிருக்கும். நல்ல மனம், அதில் குறை சொல்லமாட்டேன். நவம்பரில் மாயா அகதிகளைப் பற்றி ஒரு காட்சி வைக்கப் போவதாகவும், இதைப் போல இன்னும் பத்துக் குடும்பங்களை நான் எடுத்துத் தர வேண்டும் என்றும் கேட்டார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. கிறிஸ்துநாயகம் அண்ணை ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம் இருக்கிற தமிழ்க் கடைகள் எல்லாவற்றிலும் நோட்டீஸ் ஒட்டினார். "எங்கட சந்திரா இனி ஆர்ட்டிஸ்ற்!"

பத்துக் குடும்பத்தையும் எடுத்தேன். ஹெலன் நெசவுச் சட்டையும் வெறுங்காலும் கேட்டார். அவர்கள் தாங்கள் நினைத்தபடிதான் வந்தார்கள். ஒருவர் தான் வாங்கிய பழைய காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டுதான் நிற்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரு கிழவி தங்கள் சட்டையைத்தான் போட்டாள், ஆனால் அதற்கு மேல் பனிக்கோட்டை மாட்டி, நெசவு தெரியாமல் கழுத்துவரை பூட்டிக்கொண்டாள். நான் எல்லாரையும் அவரவர் விருப்பப்படியே எடுத்தேன். அந்தளவுக்கு எனக்குப் புத்தி வந்திருந்தது.

காட்சி தொடங்குவது ஐந்தரைக்கு. நான் நாலு மணிக்கே போய்விட்டேன். வாசலில் என் பெயர் சாண் உயர எழுத்தில். அதைப் பார்த்துப் பார்த்து நின்றுவிட்டு உள்ளே போனேன். நடுச் சுவரில் எவுலாலியாவின் குடும்பம், கதவளவு பெரிதாக. பக்கத்தில் சின்ன அட்டை. "எவுலாலியா ஹுவான், விதவை. மகள் மத்தல். 1982இல் கொல்லப்பட்ட கணவர் பஸ்குவாலின் உருவம் பின்னர் சேர்க்கப்பட்டது."

ஹெலனிடம் போனேன். இது பிழை, அவர் காணாமல் போனவர் என்றேன்.

ஹெலன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பதினாலு வருசம், சந்திரா. அவவுக்கும் உள்ளுக்குத் தெரியும். பாக்க வாற ஆக்களுக்குப் படம் விளங்கவேணும். இல்லாட்டி அவர் உயிரோட நிக்கிறார் எண்டு நினைச்சிடுவினம்."

அதைத்தானே அவள் கேட்டாள் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாசலில் இருந்த என் பெயர் என் வாயை அடைத்தது. ஒரு மணித்தியாலம் அந்த அட்டைக்கு முன்னால் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தேன். இன்றைக்கும் அந்த ஒரு மணித்தியாலத்துக்கு என்னிடம் நியாயம் இல்லை.

ஐந்து மணிக்கு எவுலாலியா வேலையால் நேரே வந்தாள், அதே நீல மேலங்கியில். மத்தல் அட்டையை வாசித்தாள். இந்தத் தடவை தாய்க்குச் சொன்னாள்.

எவுலாலியா ஹெலனைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் வந்தாள்.

"இதை நீ எழுதினனியோ?"

"இல்லை."

"வாசிச்சனியோ?"

"ஓம்."

"எப்ப?"

"நாலு மணிக்கு."

அவள் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. போய் அட்டையைப் பிய்த்தேன். அது விடாமல் பிடித்தது, நகத்தைக் கொடுத்துப் பிய்த்தேன். ஹெலன் ஓடிவந்தார். எனக்கு முதலில் வந்தது தமிழ்தான். "இந்த மனிசன்ர சாவுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்!" என்று கத்தினேன். பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அட்டை மாறவேண்டும். மாறாவிட்டால் இந்தப் படம் மட்டுமல்ல, பதினொரு படமும் என்னோடு வீட்டுக்கு வரும். நெகரிவ் எல்லாம் என்னுடையது. வாசலில் இருக்கிற பெயரையும் சுரண்டி எடுங்கோ.

ஹெலன் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "சரி. என்ன எழுதவேணும்?" என்றார்.

எவுலாலியா அந்த அட்டையை என் கையிலிருந்து வாங்கி, பின்பக்கம் திருப்பி மகளிடம் கொடுத்தாள். சொல்லச் சொல்ல மத்தல் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதினாள்.

"பஸ்குவால் தியேகோ. வயது முப்பத்தெட்டு. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். இடது தோள் பதிவு. இடது புருவத்தில் தழும்பு. 1982 யூலையில் சந்தைக்குப் போகும் வழியில் இராணுவம் கொண்டுபோனது. இன்னும் திருப்பித் தரவில்லை. கண்டவர்கள் சொல்லவும்." அதற்குக் கீழே அவர்களுடைய வீட்டுத் தொலைபேசி இலக்கம்.

"கலைக்கூடத்துச் சுவரில ரெலிபோன் நம்பர் போடேலாது" என்றார் ஹெலன், அழாக்குறையாக.

"அப்ப படம் என்னத்துக்கு?" என்று கேட்டாள் எவுலாலியா. "வடிவு பாக்கவோ? நான் அவருக்கு நரை வைச்சது ஆக்கள் கண்டுபிடிக்கிறதுக்கு."

எனக்கே அது அப்போதுதான் முழுதாக விளங்கியது. ஹெலன் போய்க் குண்டூசி கொண்டுவந்தார்.

ஐந்தரைக்குக் கதவு திறந்தது. கையில் வைன் கிளாசோடு ஆட்கள் வந்தார்கள். எவுலாலியா படத்துக்கு இடது பக்கம் நின்றாள், மத்தல் வலது பக்கம். முதலில் வந்த கிழவர் படத்தைப் பார்த்து, "அழகான குடும்பம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகரப் பார்த்தார். எவுலாலியா தன் ஆங்கிலத்தில் கேட்டாள்: "நீ இவரைக் கண்டாயா?"

கிழவர் தடுமாறினார். "இல்லை, நான்..."

"நல்லாப் பார்."

அவர் கிளாசைக் கீழே வைத்தார். அட்டையை வாசித்தார். படத்துக்கு முன்னால் திரும்பி வந்து, அந்தப் புருவத்தையும் தோளையும் நரையையும் நின்று பார்த்தார். "இல்லை அம்மா, நான் காணவில்லை" என்றார். எவுலாலியா தலையை ஆட்டி அவரைப் போகவிட்டாள். அடுத்தவரையும் கேட்டாள். அதற்கடுத்தவரையும். ஒருத்தரையும் கேட்காமல் விடவில்லை. சிலர் அழுதார்கள், அவள் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது பதில். கொஞ்ச நேரத்தில் வரிசை ஒன்று சேர்ந்துவிட்டது. மத்தலுக்குக் குரல் கம்மியபோது நான் அந்தப் பக்கம் போய் நின்று கேட்டேன். பகிடியாக ஏதோ சொல்ல வந்த கிறிஸ்துநாயகம் அண்ணையையும் கேட்டேன். அவரும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

எட்டு மணிக்கு எல்லாரும் போன பிறகு ஹெலன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். நடுச் சுவர் விளக்குக்கு வந்தபோது எவுலாலியா அங்கேயே நின்றாள். கால் வலித்திருக்கும், காலை ஆறு மணியிலிருந்து நிற்கிறாள். ஹெலனையும் அவள் விடவில்லை.

"நீ இவரைக் கண்டாயா?"

ஹெலன் சுவிற்சிலிருந்து கையை எடுத்தார். படத்துக்கு முன்னால் வந்து நின்றார். அந்த முகத்தை மேலிருந்து கீழே மெதுவாகப் பார்த்தார்.

"இல்லை" என்றார். "நான் இன்னும் காணவில்லை."